காற்றுக்கும் தண்ணீருக்கும் வித்தியாசம் தெரியாத கருவி

கண்ணா,

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ சொன்னதற்குப் பதில் சொல்லாமல் எழுந்து போய் ரசத்துக்குத் தாளித்தேன் அல்லவா, அந்தப் பதில்தான் இது. வாயால் சொல்லியிருந்தால் பாதியிலேயே நீ குறுக்கே பேசியிருப்பாய், நானும் கோபப்பட்டிருப்பேன், உன் அப்பா நடுவில் புகுந்து இருவரையும் சாப்பிடச் சொல்லியிருப்பார். அதனால் எழுதுகிறேன். நீ திங்கட்கிழமை பூதிகோட்டைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன் படித்துவிடு. அங்கே போன பிறகு உனக்கு நேரம் இருக்காது.

பெங்களூரில் நல்ல வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டு சிநேகிதர்களோடு பூதிகோட்டையில் ஒரு வீடு பிடித்து, பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்கு ஒரு கருவி செய்யப் போகிறேன் என்றாய். கொட்டகைக்குள் எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம் என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும், போனில் கலர் கலராகக் கோடு போட்டுக் காட்டும் என்றாய். நான் பேசாமல் இருந்ததைப் பார்த்து அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்று முடிவு செய்துகொண்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு ரயிலுக்குக் கிளம்பிவிட்டாய். பிடிக்கவில்லை என்பது பாதி நிஜம். அன்றைக்குச் சாயங்காலமே உன் அப்பாவிடம், "நீங்க சொல்லி நிறுத்துங்க, என் பேச்சக் கேக்க மாட்டான்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "ஒன்ன நிறுத்தச் சொல்லி எனக்கும் நாலு பேர் சொன்னாங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்திருக்கிறது. குழாயில் தண்ணீர் வந்தால் கூப்பிடும் நம் கருவி, நம் வீட்டுத் தண்ணிக்காரி, எப்படிப் பிறந்தாள் என்பது உனக்குத் தெரியும். ஆனால் உனக்குத் தெரிந்தது நான் வந்தவர்களிடமெல்லாம் சொல்லும் கதை. அதில் சில இடங்களை நான் விட்டுவிடுவேன். அந்த இடங்களையும் சேர்த்து இப்போது சொல்கிறேன்.

கோலார் பக்கத்தில் இருக்கும் இந்தப் பாலகாட்டில், வரிசை வீடுகளான நம் லைனில், எட்டு நாளைக்கு ஒரு முறை குழாயில் தண்ணீர் வரும். எந்த நாள் என்பதை ஓரளவு யூகிக்கலாம், எந்த நேரம் என்று யாராலும் சொல்ல முடியாது. நானும் உன் அப்பாவும் காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். நீ அப்போதுதான் இஞ்சினியரிங் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போயிருந்தாய். பூட்டிய வீட்டில் தண்ணீர் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன. திரும்பி வரும்போது தெருவில் எல்லோர் வாசலும் ஈரமாக இருக்கும், நம் டிரம் மட்டும் காய்ந்து கிடக்கும். அப்படி ஒரு நாள், மறுநாள் உன் அத்தை குடும்பத்தோடு வரப்போகிறாள் என்ற நிலையில், நாலு வீட்டில் குடம் குடமாகக் கேட்டு வாங்கினேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. ஆனாலும் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நான் கம்பெனியில் நாள் முழுக்கச் செய்வது சர்க்யூட் போர்டுகளுக்குச் சால்டரிங் வைப்பது. தண்ணீர் பட்டால் பீப் அடிக்கும் போர்டுகளைக்கூட நூற்றுக்கணக்கில் செய்து அனுப்பியிருக்கிறேன். யாரோ ஒருவர் வீட்டு ஏ.சி. ஒழுகுவதைச் சொல்லும் வேலையை என் கை செய்கிறது, என் வீட்டுக் குழாயில் தண்ணீர் வருவதைச் சொல்ல ஆளில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போதே எனக்கு அது தோன்றிவிட்டது.

முதல் கருவி உன் அப்பாவின் பழைய பட்டன் போன். கால் பண்ணும் பட்டனுக்கு உள்ளே இரண்டு ஒயர் வைத்து, குழாய்க்கடியில் இருக்கும் பக்கெட்டுக்குள் இன்னும் இரண்டு ஒயரைத் தொங்கவிட்டேன். தண்ணீர் ஒயரைத் தொட்டால் போன் என் நம்பருக்கு அடிக்கும். எட்டாவது நாள் கம்பெனியில் மேசை மேல் வைத்திருந்த என் போன் அடித்தபோது, திரையில் உன் அப்பா பேர் வந்தது. அவர் அந்த நேரத்தில் கூப்பிடவே மாட்டார் என்பதால் முதலில் பயந்துவிட்டேன். பிறகுதான் புரிந்தது, கூப்பிட்டது குழாய். பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னேன், அவர்கள் வந்து நம் டிரம்மை நிரப்பி வைத்தார்கள். உன் அப்பாவின் நம்பரை மாற்றாததால் சொந்தக்காரர்கள் பேசுவதற்கு அடித்தால் பக்கெட்டுக்கு மேலே மணி அடிக்கும். உன் பெரியப்பா மூன்று மாதம் தன்னைத் தம்பி மதிக்கவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நாளில் எங்கள் கம்பெனி ஊருக்கு வெளியே வெகுதூரம் மாறிப் போய்விட்டது. ரயிலும் இரண்டு பஸ்ஸும் ஏறிப் போய் வருவது முடியாமல் நான் நின்றுவிட்டேன். கையில் நேரம் இருந்தது, தெருவில் கேட்கிறவர்களும் இருந்தார்கள். பக்கெட்டில் தொங்கிய ஒயர் இரண்டே மாதத்தில் பச்சை பிடித்து அரித்துப் போயிருந்ததால் வேறு வழி யோசித்தேன். பெங்களூர் மார்க்கெட்டில் குழாய்க்குள் பொருத்தும் சின்னச் சக்கரம் கிடைத்தது. தண்ணீர் ஓடினால் சக்கரம் சுற்றும், சக்கரம் சுற்றினால் போன் அடிக்கும். ஒயர் வெளியே தெரியாது, அழகான வெள்ளை டப்பா. முப்பது செய்தேன். முப்பதும் நம் லைனிலும் மேட்டு லைனிலும் போய்விட்டன. அந்த மாதம் நான் தெருவில் நடந்த நடையை நீ பார்த்திருக்க வேண்டும்.

மேட்டு லைனின் கடைசி வீடு பிலோமினா அக்காவுடையது. இப்போது அவள் நம் வீட்டில் ஒருத்தி, உன்னைப் பார்த்ததும் எலும்பும் தோலுமாக இருக்கிறாய் என்று திட்டுகிறவள். அப்போது எனக்கு அவளை முகம் பார்த்த பழக்கம் மட்டும்தான். பங்காருபேட்டை பக்கம் ஒரு கார்மெண்ட்ஸில் தையல் வேலை. கணவருக்கு மூட்டு வலி, குழாய் வரைக்கும் நடப்பதே பெரிய காரியம். அதனால் தண்ணீர் வந்தால் அவள்தான் ஓடி வர வேண்டும். சூப்பர்வைசரிடம் கெஞ்சி, போன் அடித்தால் மட்டும் போய் வர அனுமதி வாங்கியிருந்தாள். முதல் தடவை போன் அடித்து ஓடி வந்திருக்கிறாள். குழாய் காய்ந்து கிடந்தது. ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டு வேலைக்குத் திரும்பியிருக்கிறாள். அவள் போன பிறகு தண்ணீர் வந்து நின்றுபோயிருக்கிறது. அன்று சாயங்காலமே என்னிடம் வந்து சொன்னாள். நான் டப்பாவைத் திறந்து பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. நம் வீட்டில் அதே கருவி அதே நாளில் ஒழுங்காக அடித்திருந்தது. நீங்கள் போனைச் சரியாகப் பார்க்கவில்லை, வேறு யாரோ அடித்த போனைப் பார்த்து ஓடி வந்திருக்கிறீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த தடவையும் அப்படியே நடந்தது. அப்போதும் அதையேதான் சொன்னேன், இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாக.

அந்தச் சனிக்கிழமை நீ வந்திருந்தாய். சாப்பிட்டுக்கொண்டே கேட்டுவிட்டு, தலையைத் தூக்காமல், "அம்மா, காத்து அடிச்சாலும் சக்கரம் சுத்துமில்ல" என்றாய். அவ்வளவுதான் நீ சொன்னது. மேட்டு வீடு என்பதால் குழாயில் இருக்கும் காற்றெல்லாம் அங்கேதான் போய்ச் சேரும் என்று விளக்க வாயெடுத்தாய். நான் விடவில்லை. "பன்னெண்டு வருஷமா சால்டரிங் வெக்கிறவ நானு. நீ மொதல்ல அரியர்ஸ எழுதி பாஸ் பண்ணு" என்றேன். நீ பாதிச் சோற்றில் கை கழுவினாய். ஞாயிறு சாயங்கால ரயிலுக்கு அப்பா மட்டும் ஸ்டேஷனுக்கு வந்தார். இரண்டு வாரம் நீ எனக்குப் போன் செய்யவில்லை, நானும் செய்யவில்லை. வந்தவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லும்போது, "என் பையன்தான் காத்துன்னு கண்டுபுடிச்சான்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்குத் தாவிவிடுவேன். நடுவில் நான் சொன்னதை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

நீ சொன்னதை அன்றே காதில் வாங்கியிருந்தால் மூன்றாவது தடவை நடந்திருக்காது. மூன்றாவது தடவையும் பிலோமினா ஓடி வந்து, காய்ந்த குழாயைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனபோது, அவள் மிஷினில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். வேலை போய்விட்டது. மறுநாள் காலை நம் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. வெள்ளை டப்பாவைத் திண்ணையில் வைத்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன்.

"மூணு வாட்டி ஓடியாந்தேன். மூணு வாட்டியும் வெறும் காத்துதாம்மா. புஸ்ஸுன்னு சத்தம் கேக்குது, தண்ணி இல்ல. ஒங்கிட்ட வந்து சொன்னா எனக்கு போன் பாக்கத் தெரியலன்ற."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்துவிட்டாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காற்று என்று நீயும் சொன்னாய், அவளும் சொல்கிறாள். நீ புத்தகத்தில் படித்துச் சொன்னாய், அவள் காதால் கேட்டுச் சொல்கிறாள். இரண்டையும் கேட்காத ஒரே ஆள் நான். எனக்கு வெட்கமாக இருந்தது என்று எழுதினால் அது சின்ன வார்த்தை. ஒருத்தியின் வேலையை என் டப்பா தின்றுவிட்டது.

அடுத்த தண்ணீர் நாள் வியாழக்கிழமை. காலை ஏழு மணிக்கே பிலோமினா வீட்டுக்குப் போனேன். டப்பாவை என் நம்பருக்கு அடிக்கும்படி மாற்றி அவள் குழாயில் மறுபடி பொருத்திவிட்டு, ஒரு ஸ்டூலைக் கேட்டு வாங்கி எதிரே உட்கார்ந்தேன். என்ன வேண்டும் என்று கேட்டாள். தண்ணீர் வரும்வரை இங்கேயே உட்காரப் போகிறேன் என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள், ஆனால் கொஞ்ச நேரத்தில் காபி வந்தது. பத்தரை மணி சுமாருக்குக் குழாய் மூச்சு விட ஆரம்பித்தது. நிஜமாகவே மூச்சு மாதிரிதான், முதலில் மெல்ல, பிறகு விசில் அடிப்பது போல. டப்பாவுக்குள் சக்கரம் விர்ரென்று சுற்றியது. என் மடியில் இருந்த போன் அடித்தது. குழாய்க்கடியில் கையை வைத்தேன், குளிர்ந்த காற்று. ஒரு சொட்டு இல்லை. நம் வீடு பள்ளத்தில் இருப்பதால் காற்று வந்து ஒரு நிமிஷத்தில் தண்ணீர் வந்துவிடும், அதனால் எனக்கு அந்த வித்தியாசமே தெரிந்ததில்லை. மேட்டு வீட்டில் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் வெறும் காற்று. சில நாள் தண்ணீர் ஏறாமலே நின்றுவிடுமாம். பிலோமினா வாசல்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அடிக்கிற போனையும் காற்று வருகிற குழாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு முழித்த முழிப்பு எப்படி இருந்ததோ, அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்த பிறகுதான் நான் மன்னிப்புக் கேட்டேன். முறைப்படி பார்த்தால் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

தண்ணீர் வரும் வரை இருவரும் பேசிக்கொண்டிருந்தோம். சக்கரம் வேண்டாம், தண்ணீர் தொட்டால்தான் தெரிய வேண்டும் என்றேன் நான். ஆனால் பக்கெட்டில் ஒயரை விட்டால், நேற்று மிச்சமிருந்த தண்ணீருக்கும் இன்று வந்த தண்ணீருக்கும் வித்தியாசம் தெரியாமல் அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கும். அதற்கு என்ன செய்வது என்று நான் தலையைச் சொறிந்துகொண்டிருக்கும்போது, பிலோமினா சாதாரணமாக, "கப்புல ஓட்ட போட்டு வச்சிட்டா வந்துகினு இருக்கச் சொல்லோ நெறயும், நின்னா வடிஞ்சிரும்" என்றாள். அவளுக்கு அது ஒரு யோசனை என்றே தெரியாது. எனக்கு எழுந்து நிற்கத் தோன்றியது.

அன்று மத்தியானமே உட்கார்ந்துவிட்டோம். தயிர் கப் ஒன்று, அதற்குள் துருப்பிடிக்காத சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி இரண்டு. கப்பின் அடியில் ஓட்டை எவ்வளவு பெரியது என்பதில்தான் நான்கு நாள் போனது. ஊசியால் போட்டால் அடைத்துக்கொள்கிறது, பென்சில் அகலத்துக்குப் போட்டால் மேட்டு வீட்டு மெல்லிய தண்ணீருக்குக் கப் நிறைவதே இல்லை. கடைசியில் சாமி மேடையில் எரிந்துகொண்டிருந்த ஊதுவத்தியை எடுத்துச் சுட்டு ஓட்டை போட்டேன். அளவு பொருந்தியது. இன்றைக்கு அச்சு வைத்துக் கப் வார்க்கிறோம், ஆனாலும் அந்த ஓட்டை ஊதுவத்தி அகலம்தான்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலமே உனக்குப் போன் செய்தேன். நீ எடுப்பாயா என்ற சந்தேகத்தோடுதான் செய்தேன். "காத்துதான்டா" என்றேன். நீ "சரிம்மா" என்றாய். பிறகு, "சாப்ட்டியா" என்று கேட்டாய். நான் சொன்னேன் பார்த்தாயா என்று நீ சொல்லியிருந்தால் நான் அழாமல் இருந்திருப்பேன். அடுத்த சனிக்கிழமை வந்து, கப்பில் ஒரு நிமிஷம் முழுக்கத் தண்ணீர் நின்றால் மட்டுமே போன் அடிக்க வேண்டும் என்று அந்தச் சின்ன புரோகிராமை எழுதிக் கொடுத்தாய். நாம் விற்கும் ஒவ்வொரு கருவிக்குள்ளும் இன்றும் அதுதான் ஓடுகிறது. முப்பது வீட்டுக்கும் நானும் பிலோமினாவும் நடந்து போய், தப்பு எங்களுடையது என்று சொல்லி மாற்றிக் கொடுத்தோம். மேட்டு லைனில் இன்னும் ஆறு வீட்டில் பொய்யாக அடித்திருக்கிறது. அவர்கள் யாரும் வந்து சொல்லவில்லை, கழற்றிப் பரண் மேல் போட்டுவிட்டார்கள். அதைக் கேட்டபோதுதான், மூன்று தடவை நடந்து வந்து சொன்ன பிலோமினா எனக்கு எவ்வளவு பெரிய உதவி செய்திருக்கிறாள் என்று உறைத்தது. பூதிகோட்டையில் உன் கருவியைப் பற்றி வந்து சண்டை போடுகிறவர்களுக்கு நாற்காலி போடு. பேசாமல் பரணில் போட்டுவிடுகிறவர்களை நீயே தேடிப் போ.

நம் கருவிக்கு நீ ஒரு ஆங்கிலப் பெயர் கொண்டு வந்தாய், நினைவிருக்கிறதா? மூன்று முறை சொல்லிக் கொடுத்தும் பிலோமினாவுக்கு வாயில் நுழையவில்லை. அதற்குள் லைனில் பெண்கள் "தண்ணிக்காரி கூப்ட்டாளா, தண்ணிக்காரி கூப்ட்டாளா" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். குடிகாரியைச் சொல்வது மாதிரி இருக்கிறது, கம்பெனி பேராக இதை வைத்தால் மானம் போய்விடும் என்று உன் அப்பா இரண்டு நாள் புலம்பினார். மூன்றாம் நாள் ரயிலில் அவரோடு வருகிற நாலு பேர், தங்களுக்கும் ஒரு தண்ணிக்காரி வேண்டும் என்று கேட்டதும் அடங்கிவிட்டார்.

எல்லாம் நன்றாகப் போகும்போது நான் செய்த இன்னொரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் ஒரு கண்காட்சிக்கு நம்மைக் கூப்பிட்டார்கள். அங்கே கோட்டு போட்ட ஒருவர் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் திரை இல்லையா, பேசாதா, கணக்கு வைக்காதா என்று கேட்டார். எனக்கு ரோஷம் மூக்கின் மேல் ஏறிவிட்டது. வீட்டுக்கு வந்து, திரை வைத்து, தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது என்று கணக்குக் காட்டி, காலையில் வணக்கம் சொல்லும் குரலும் வைத்து நாற்பது செய்தேன். பிலோமினா வேண்டாம் என்றாள். தண்ணிக்காரி அடிக்கும் போனை அவள் எடுப்பதுகூட இல்லை, அடித்தால் போதும், வேலை முடிந்தது. லைனில் எல்லோரும் அப்படித்தான். வணக்கம் சொன்ன நாற்பதில் முப்பத்தேழு இன்னும் கட்டிலுக்கடியில் இருக்கின்றன. நீ வரும்போது எடுத்துக்கொண்டு போ, உள்ளே இருக்கும் பாகங்கள் உனக்குப் பயன்படும்.

வால்வு திறக்கும் முனியப்பாவை மறக்கக் கூடாது. தண்ணிக்காரி வந்த பிறகு, எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் வந்தது என்று எல்லோர் போனிலும் பதிவாகிவிடுகிறது. ஒரு தெரு இன்னொரு தெருவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அவரைப் போய்ப் பிடித்துக்கொண்டார்கள். மனிதர் சைக்கிளை மிதித்துக்கொண்டு நேராக நம் வீட்டுக்கு வந்து, கன்னடத்தில் ஆரம்பித்து, தெலுங்கில் திட்டி, தமிழில் முடித்தார். "இன்னாமா, என்னை வேவு பாக்க மிஷின் செஞ்சிக்கீறியா?" என்றார். நான் அவருக்கு மோர் கொடுத்து, ஒரு நாளைக்கு எத்தனை பேர் உங்களுக்குப் போன் போட்டு எப்போது தண்ணீர் என்று கேட்கிறார்கள் என்று விசாரித்தேன். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தவர் அரைமணி நேரம் நிறுத்தவில்லை. சாப்பிட விடமாட்டார்கள், கோயிலில் விடமாட்டார்கள், மகள் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் நின்றபோதும் விடவில்லை. தண்ணிக்காரி இருக்கும் தெருவிலிருந்து யாராவது அப்படிக் கேட்டார்களா என்றேன். யோசித்துப் பார்த்தார். "இல்ல, அந்தத் தெருக்காரவங்க இப்ப போன் பண்றதில்ல" என்றார். அதற்கப்புறம் நமக்கு ஊர் ஊராகச் சொல்லி விற்றது அவர்தான். பேத்தமங்களாவில் அவர் மைத்துனர் வீட்டிலிருந்துதான் வெளியூர் ஆர்டரே ஆரம்பித்தது. உன் கருவியால் யாருக்குத் தொந்தரவு என்று முதல் நாளே விசாரித்து வைத்துக்கொள். அவர்களுக்கும் அதில் ஒரு நிம்மதி இருக்கிறதா என்று தேடு. பெரும்பாலும் இருக்கும்.

இப்போது நம் முன்னறையில் ஆறு பெண்கள் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள், அதற்குப் பொறுப்பு பிலோமினா. கோலார், முல்பாகல், சிந்தாமணி என்று போய்க்கொண்டிருக்கிறது. பெங்களூரில் அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் தொட்டி நிரம்பினால் கூப்பிடச் சொல்லித் தலைகீழாக ஒன்று கேட்கிறார்கள், அதையும் செய்கிறோம். இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவன் நீ. உனக்கு வேறு மாதிரி ஆசை வந்தால்தான் ஆச்சரியம். அப்படியிருந்தும் ஏன் நான் உன்னைத் தடுக்க நினைத்தேன் என்று நான்கு நாள் யோசித்தேன். ஓட்டை எந்த அளவில் போடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்த அந்த நான்கு நாளை நீ படக் கூடாது என்று நினைத்திருக்கிறேன். இப்போது திரும்பிப் பார்த்தால், என் ஆயுளில் அதைவிட உற்சாகமாக நான் இருந்ததே இல்லை. அதை உனக்குக் கிடைக்காமல் செய்யப் பார்த்தேனே.

இனி ஒரு ஒப்புதல் வாக்குமூலம். நேற்று நான் பூதிகோட்டைக்குப் போய் வந்தேன். பிலோமினாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். இறங்கி, பட்டுப்புழு வளர்க்கிற வீடு எது என்று கேட்டுக் கேட்டு, வெங்கடம்மா என்கிற ஒருத்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். முகத்தில் பவுடர் பூசியிருந்ததால் கொட்டகைப் பக்கமே விடவில்லை, புழுவுக்கு ஆகாதாம். முகம் கழுவிய பிறகும் வாசலில்தான் உட்கார வைத்தாள். என் அரைகுறைத் தெலுங்கும் அவளுடைய அரைகுறைத் தமிழும் ஒன்றுக்கொன்று போதுமானதாக இருந்தன. உள்ளே எவ்வளவு சூடு என்று காட்டுகிற கருவி ஒன்று வந்தால் வாங்குவீர்களா என்று கேட்டேன். அவள் சிரித்தாள். கதவைத் திறந்து உள்ளே தலையை நீட்டினாலே சூடு தெரிந்துவிடும், அதைக் காட்ட மிஷின் எதற்கு என்றாள்.

எழுந்து வந்திருப்பேன். ஆனால் ஸ்டூலில் உட்கார்ந்த பழக்கம் விடவில்லை. வேறு என்ன கஷ்டம் என்று கேட்டேன். அவள் மல்பெரி இலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்.

"நானும் அவரும் ஒண்ணா ஒரு கல்யாணத்துக்குப் போயி பதினோரு வருஷமாச்சு. அவரு போனா நான் இருக்கணும், நான் போனா அவரு இருக்கணும். வெயிலு ஏறிச்சின்னா புழு தாங்காது, கொட்டகைக்கு கோணி நனச்சிப் போட ஆளு வேணுமே."

இலை போடுவதற்கு நடுவே நாலைந்து மணி நேரம் இருக்கிறது, பக்கத்து வீட்டில் ஆள் இருக்கிறார்கள், சொன்னால் வந்து கோணியை நனைத்துப் போடுவார்கள். எப்போது வர வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லத்தான் யாரும் இல்லை. அடுத்த மாதம் அவள் தங்கை மகளுக்குக் கோலாரில் கல்யாணம். இந்த முறையும் புருஷனைத்தான் அனுப்பப் போகிறாள். தங்கை மகளைத் தூக்கி வளர்த்தவள் இவள்.

இதற்கு மேல் நான் யோசித்தால் அது என் கருவியாகிவிடும், அதனால் பஸ் வந்ததும் ஏறிவிட்டேன். நீயாகப் போய்க் கேட்க வேண்டியதை நான் முந்திக்கொண்டு கேட்டது தப்புதான், திட்டிக்கொள். ஆனால் ஒன்று கேட்பேன். கலர் கோடுகளைப் பற்றியோ, யாராவது கொடுக்கிற கோப்பையைப் பற்றியோ, பேப்பரில் வந்த போட்டோவைப் பற்றியோ எனக்குப் போன் செய்யாதே. வெங்கடம்மாவும் அவள் புருஷனும் வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரே பஸ்ஸில் அடுத்தடுத்த சீட்டில் உட்கார்ந்து கல்யாணத்துக்குப் போகிறார்களே, அன்றைக்குச் செய். வேலை நேரமானாலும் எடுக்கிறேன்.

உன் அம்மா